செவ்வாய்க்கிழமை டாக்டர் வரும்வரை

உள்ளங்கை அளவு தகர வட்டம். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் ஆணியில் அது தொங்கும். சிவப்பு தெரிந்தால் அந்த நோயாளிக்குக் கஞ்சித் தண்ணீர், வெள்ளை தெரிந்தால் சோறு. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காதபடி சுத்தியலால் தட்டி மழுக்கி, பன்னிரண்டு கட்டிலுக்கும் பன்னிரண்டு வட்டங்களைச் செய்து கொடுத்தது என் அண்ணன். அவன் ரப்பர் ஃபெக்டரியில் வேலை பார்த்தான், கைவேலையில் கெட்டிக்காரன். வர்ணம் காய்ந்ததும் அவற்றை ஒரு கம்பியில் கோத்து, தோளில் போட்டுக்கொண்டு சலசலவென்று சத்தம் வர ஆஸ்பத்திரிப் படியேறி வந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, “நல்ல வேலை” என்றார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம்தான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், தோட்டத்து ஒபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளைத் திட்டித் தீர்த்தார். “வெள்ளைக்காரன் காலத்துல ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரிங்க. ஒரு ஒழுங்கு இருந்துச்சு. ஒரு பருக்கை வெளியில இருந்து உள்ள போவுமா?” என்றார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். போகாதுதான். போகாமல் பார்த்துக்கொண்டவள் நான். இலையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லாமல் வந்ததை இங்கே சொல்லுகிறேன்.

எங்கள் தோட்டம் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். மலையில் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். வேலை இல்லை என்று சொல்லி, பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்தைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எவர் வீட்டில் எந்தக் காலை அந்தச் சீட்டு வரும் என்று தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்ததால் எனக்கு ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை கிடைத்திருந்தது. தரை கழுவுவது, நோயாளிகளைத் துடைப்பது, குசினியிலிருந்து வரும் சாப்பாட்டை வட்டத்தைப் பார்த்துப் பங்கு வைப்பது. எனக்கு இருபது வயது. மருந்து மணக்கும் கையோடு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் போகும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன், அதையும் மறைக்க வேண்டாம்.

அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, அந்த நிமிர்வைப் பார்த்துச் சிரிப்பாள். “டாக்டரம்மா வாராங்க, வழி விடுங்க” என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்துவாள். அவளுக்கு வாய் நீளம், கையும் நீளம். ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினாலும் அலுக்கமாட்டாள். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசி, பலாக்காயும் ஈரப்பலாவும் வாங்கிக்கொண்டு வருவாள். கோபம் வந்தால் பாதித் தமிழில் ஆரம்பித்துப் பாதிச் சிங்களத்தில் முடிப்பாள். சாப்பாடு என்றால் அவளுக்கு உயிர். தேங்காய்ச் சம்பலும் கருவாடும் இருந்தால் போதும், தட்டில் மலையாகச் சோற்றைக் குவித்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் தின்பாள். என் அம்மாவுக்கு மருமகள் தின்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியில் சொல்லமாட்டாள், ஆனால் சட்டியில் அடிமண்டியாகக் கிடக்கும் குழம்பையெல்லாம் வழித்து அவள் தட்டில்தான் ஊற்றுவாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் போட்டு வைத்திருந்தோம், ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வரும் நாளுக்காகக் காத்திருந்தோம். குழந்தை பிறந்து ஒன்றரை மாதத்தில் அண்ணி மறுபடி மலைக்குப் போனாள். போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு, கால் இரண்டும் வீங்கியிருக்க, உதடு வெளுத்திருக்க, மூச்சு வாங்கிக்கொண்டே மேட்டில் ஏறினாள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். ஒரு புதன்கிழமை காலை மரத்தடியில் விழுந்துவிட்டாள். நான்கு பேர் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, என் ஆஸ்பத்திரியில், ஏழாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள். பிள்ளையையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் கிடத்தினார்கள்.

டிஸ்பென்சர் ஐயா அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். “சோகை. வயித்தில பூச்சி” என்றார். பேதி மருந்து கலக்கிக் கொடுத்தார். வட்டத்தில் சிவப்புப் பக்கம் முன்னால் தெரிய ஆணியில் மாட்டினார்.

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் அது காய்ச்சல்காரர்களுக்காக மட்டும் வந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்த அட்டெண்டன், வயிற்றுக் காய்ச்சலில் கிடந்த ஒருவனுக்கு இரக்கப்பட்டு ஒரு தட்டுச் சோறு கொடுத்துவிட்டாராம். நோயாளி மூன்றாம் நாள் செத்துப்போனான். டாக்டர் டிஸ்பென்சரைத் திட்ட, தோட்டத்துத் துரை அதைவிட அதிகமாகத் திட்ட, அட்டெண்டன் குடும்பத்தோடு பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு டிஸ்பென்சர் ஐயா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குள் யார் வந்தாலும், கை உடைந்தவன் வந்தாலும், சிவப்பில்தான் தொடக்கம். டாக்டர் வந்து பார்த்து, சோறு கொடுக்கலாம் என்று சீட்டில் எழுதினால்தான் வட்டம் திரும்பும். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, ஆற்றைக் கடந்து வருவார். திங்கட்கிழமை படுத்தவனுக்கு ஒரு நாள் பட்டினி, புதன்கிழமை படுத்தவனுக்கு ஆறு நாள். எந்தக் கிழமையில் நோய் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு விழ வேண்டிய இடம் அது.

முதல் வேளைக் கஞ்சியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “மொகத மே?” என்றாள் சிங்களத்தில், இது என்ன என்று. “சோறு வடிச்ச தண்ணியா, பானை கழுவுன தண்ணியா?” எழுந்து உட்காரக்கூட முடியாதவள் கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைக் குடித்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

மறுநாள் நான் டிஸ்பென்சர் ஐயாவிடம் போய் நின்றேன்.

“ஐயா, அண்ணிக்குக் காய்ச்சல் இல்லீங்க. பச்சப்புள்ளைக்காரிங்க. சோறு குடுக்கலாங்களா?”

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல வரமாட்டேன், யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ளை, எனக்கும் கண் தெரியுது. ஆனா டொக்குத்தர் எழுதாமல் நான் என்னெண்டு மாத்திறது? செவ்வாய்க்கிழமை வருவார். ஆறு நாளில ஒருத்தரும் சாகமாட்டினம்.”

கட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கட்டில் நம்பர் கிடையாது, சீட்டு கிடையாது, வட்டமும் கிடையாது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அப்படி ஒரு பிள்ளை அங்கே இல்லவே இல்லை. அது என்ன குடிக்கிறது, குடிப்பது எங்கிருந்து ஊறுகிறது என்று கேட்க வேண்டிய வேலை எவருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா வாசல் கேட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒரு பித்தளைத் தூக்கு. திறந்ததும் சுறாப் புட்டின் மணம் என் முகத்தில் அடித்தது. பால் சுரக்கப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுச் செய்திருந்தாள்.

“கடை நானாகிட்டச் சொல்லி வச்சு வாங்குன சுறாடி. நாலு வாய் தின்னாப் போதும், பால் ஊறிரும்” என்றாள்.

“கொண்டுபோயிரும்மா. ஐயா பாத்தா நம்ம எல்லாருக்கும் சீட்டுக் குடுத்துருவாங்க.”

“ஒரு வாயாச்சும் குடுடி. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல” என்றேன். அப்படித்தான் சொன்னேன். நல்ல பெண் பேசுகிற பேச்சு. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்கை மூடி, மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். வாசல் வழியாக உள்ளே சாப்பாடு போகக்கூடாது என்பது என் பொறுப்பில் இருந்த சட்டம். என்னைப் போல அதைக் காப்பாற்றியவர் எவரும் இல்லை.

அன்று தொடங்கிய மழை விடவில்லை. ஓயா, அந்த ஆறு, பெருகிப் பாலத்தை மூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்தது, டாக்டர் வரவில்லை. அடுத்த செவ்வாய் வரை சிவப்பு சிவப்பாகவே தொங்கும் என்று அதற்கு அர்த்தம். நான் மறுபடி போய் நின்றேன். டிஸ்பென்சர் ஐயா இந்தத் தடவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மழைக்கு நான் என்ன செய்யிறது?” என்றார். குசினியில் அரிசி இருந்தது. பருப்பு இருந்தது. துரையின் பங்களாவுக்குப் போகும் முட்டைகள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போயின. மழையா சோற்றைத் தடுத்தது?

புதன்கிழமை மத்தியானம் நான் குசினியில் என் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். குசினிக்கும் ஏழாம் நம்பர் கட்டிலுக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புத்தான். தேங்காய்ச் சம்பல் அரைத்த மணம் அங்கே போயிருக்கும். நான் கை கழுவிவிட்டு உள்ளே போனபோது அண்ணி என் சேலையைப் பிடித்தாள்.

“நாத்தனா, ஒன் சோத்துல ஒரே ஒரு கை குடு. ரெண்டு நாளா மாருல சரியா வரல. புள்ள இழுத்து இழுத்துப் பாத்துட்டு அழுவுறான்.”

“அண்ணி, அத மட்டும் கேக்காதீங்க. வேல போயிரும். அண்ணனுக்கும் போயிரும்.”

அவள் கையை விட்டுவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் ஒருவேளை நான் மசிந்திருப்பேன். “ஆமா, எங்க போறது அப்பறம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையை மற்ற மார்புப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அந்த வாய் நீளக்காரி அன்றோடு வாயை மூடிவிட்டாள்.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்குச் சொல்ல வராதது. லயத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அன்றே அவளைக் கெஞ்சி இரண்டு தடவை கூட்டிக்கொண்டு வந்து குழந்தைக்குப் பால் கொடுக்க வைத்தேன். வயிற்றோட்டக்காரர்கள் கிடக்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்று அவள் மாமியார் தடுத்துவிட்டாள். அதையும் தப்பென்று சொல்ல முடியாது. பிறகு நான் பசாருக்கு ஓடி, முஸ்லிம் நானா கடையில் ஒரு டின் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிப் பீப்பாய்த் தண்ணீரில் கரைத்து, சங்கில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டினேன். மழைக்காலத்துத் தண்ணீர், காய்ச்ச வேண்டும் என்று தோன்றவில்லை. ஆஸ்பத்திரித் தண்ணீர் என்றால் சுத்தமானது என்று நான் நம்பினேன். குழந்தை ஆவலாகக் குடித்தது. டிஸ்பென்சர் ஐயா பார்த்துக்கொண்டே போனார். எந்தச் சட்டமும் அந்தக் குழந்தைக்கு இல்லையே. தாய்க்கு ஒரு கைச் சோறு கொடுக்க நடுங்கிய நான், பிள்ளைக்கு எதையும் கொடுக்கத் துணிந்தேன். சோற்றைத் தாய்க்குக் கொடுத்திருந்தால் பிள்ளைக்குப் பால் தானாகவே வந்திருக்கும். இது புரிய ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கூடத் தேவையில்லை. என் அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

வியாழக்கிழமை இரண்டு தடவை, வெள்ளிக்கிழமை எண்ண முடியாத தடவை குழந்தைக்கு வயிறு போயிற்று. சனிக்கிழமை அதன் உச்சிக்குழி உள்ளே அமுங்கிவிட்டது. டிஸ்பென்சர் ஐயா அப்போதுதான் முதல் தடவையாகக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ துளி மருந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலில் ஜெபம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அது போய்விட்டது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் அண்ணன் குழி வெட்டினான். கட்டிலைவிட்டு எழுந்து போக அண்ணிக்குக் காலில் பலம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன் என்றாள், பிடித்து நிறுத்தினேன். அங்கிருந்து கல்லறைத் தோட்டம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஓயா வடிந்தது, டாக்டர் வந்தார். ஏழாம் நம்பர் கட்டிலுக்கு வந்து, சீட்டைப் படித்து, இமையை இழுத்துப் பார்த்து, நெற்றியில் கை வைத்தார். பிறகு திரும்பி டிஸ்பென்சரிடம் கேட்டார்.

“இவங்களுக்குக் காய்ச்சலே இல்லையே. எதுக்குக் கஞ்சி?”

“நீங்கள் எழுதேல்ல, சேர்.”

டாக்டர் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பேனாவை எடுத்து எழுதினார். சோறு, முட்டை, பசும்பால் இரண்டு வேளை. எழுதி முடித்துவிட்டு எட்டாம் நம்பர் கட்டிலுக்குப் போனார். அவ்வளவுதான். கத்தவில்லை, யாரையும் வேலையைவிட்டுத் தூக்கவில்லை. ஒரு நோயாளிக்குச் சோறு கொடுத்ததற்கு ஒரு குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டே விரட்டியவர்கள், சோறு கொடுக்காததற்கு எவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அங்கேதான். பட்டினி போட்டவர்களுக்குத் தண்டனையே கிடையாது. எவர் கையிலும் கறை படவில்லை, எல்லாரும் எழுதியதை எழுதியபடி செய்தவர்கள். நானும்தான்.

அண்மையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் என் தங்கை மகளின் பிரசவத்துக்குப் போய்வந்தேன். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், கட்டில் கட்டிலாக நின்று, “பால் குடுக்கிற அம்மாவா? இன்னொரு கரண்டி போடவா?” என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்டாள், யாரிடமும் உத்தரவு கேட்காமல் போட்டாள். பந்தியில் உட்கார்ந்து பழைய ஒழுங்கைப் புகழ்ந்த அந்த மனிதரைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

டாக்டர் எழுதிய அன்றைக்கு மத்தியானம் சோறும் அவித்த முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் நானே கொண்டுபோனேன். அண்ணி தட்டைப் பார்த்தாள்.

“யாருக்கு எழுதுனாரு?” என்றாள்.

“ஒங்களுக்குத்தான் அண்ணி.”

எடுத்து என் முகத்தில் வீசுவாள் என்று நினைத்தேன். வீச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் தட்டை மடியில் வாங்கிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு வேளையும் அப்படியே தின்றாள். மலைக்குத் திரும்பிப் போக வேண்டும், போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

ஆறாம் நாள் காலை கட்டில் துடைக்கப் போனபோது அண்ணியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு தன் வேலையைச் செய்துவிட்டது. அன்று பின்னேரத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டி, கை வைக்க முடியாமல் வலியில் துடித்தாள். அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாதா கோயில் முற்றத்துச் செடியில் இருந்த பூவையெல்லாம் பறித்து, அம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

“இத உள்ள கொண்டு போவலாமாடி?” என்று கேட்டாள்.

பூ சாப்பாடு இல்லை. அதற்குச் சட்டம் கிடையாது. நான் வாசலைத் திறந்துவிட்டேன்.